கைக்கு வந்த கடிவாளம்

நுழையும்முன்

ஒரு மொழியின் சொற்களை அகராதியில் காணலாம். அதன் விதிகளை இலக்கண நூலில் கற்கலாம். அம்மொழியின் மரபுத்தொடர்களையோ அவற்றைப் பேசும் மக்களோடு பழகித்தான் கைக்கொள்ள முடியும். 'கைநழுவிப் போயிற்று' என்னும் தமிழ்த்தொடரைக் கேட்கும் பிறமொழியாளர், கையிலிருந்து எந்தப் பொருள் விழுந்தது என்று தேடக்கூடும். நாம் வேறொரு மொழியைக் கற்கும்போது நமக்கும் அந்நிலையே நேர்கிறது. பொறுப்பைத் தாமே ஏற்று நடத்துதல் என்னும் கருத்தைப் பின்னிய மொழி ஒரு மரபுத்தொடரால் உணர்த்துகிறது. அத்தொடரைக் கற்று, பிழையின்றிப் பயன்படுத்தும் நிலையை அடைவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொடரும் அதன் பிறப்பிடமும்

ஐரோப்பாவின் வடகோடியில், சுவீடனுக்கும் உருசியாவுக்கும் இடையே அமைந்த நாடு பின்லாந்து. அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையோர் பேசுவது பின்னிய மொழி. அம்மொழியில் 'ஒத்தா ஒஹ்யத் கெசீன்செ' என்பது ஒரு வழக்கு. 'ஒத்தா' என்றால் எடுத்தல். 'ஒஹ்யத்' என்றால் குதிரையின் வாயிலிருந்து ஓட்டுநரின் கைவரை நீளும் கடிவாள வார்கள். 'கெசீன்செ' என்றால் தன் கைகளுக்குள். 'கடிவாள வார்களைத் தன் கைகளுக்குள் எடுத்தல்' என்பது இதன் நேர்பொருள். சிதறிக் கிடக்கும் ஒரு செயலின் பொறுப்பைத் தானே ஏற்று, அதனை நெறிப்படுத்துதல் என்பது இதன் வழக்குப்பொருள்.

(பின்னிய மொழியில் 'ஆ' ஒலிக்கும் 'ஏ' ஒலிக்கும் இடைப்பட்ட உயிரொலி ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லாமையால், இப்பாடத்தில் குறிலாக வருமிடத்து எகரமாகவும் நெடிலாக வருமிடத்து ஏகாரமாகவும் எழுதப்பட்டுள்ளது.)

இத்தொடரின் பிறப்பிடம் வயலும் காடும் ஆகும். இழுவை இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னர், பின்லாந்தின் உழவிலும் போக்குவரத்திலும் குதிரையே முதன்மை பெற்றிருந்தது. பனி மூடிய குளிர்காலத்தில் காட்டில் வெட்டிய மரங்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துவந்ததும் அதுவே. பின்னியக் குதிரை என்னும் இனத்துக்கு 1907ஆம் ஆண்டிலேயே தனி வழிமரபுப் பதிவேடு தொடங்கப்பட்டது என்பதிலிருந்து, அவ்விலங்குக்கு அம்மக்கள் அளித்த மதிப்பை உணரலாம்.

வண்டி இழுக்கும் குதிரையின் வாயில் இருபுறத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு வார்கள் இணைக்கப்பட்டிருக்கும். இடக்கை வாரை இழுத்தால் குதிரை இடப்பக்கம் திரும்பும். வலக்கை வாரை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். வார்கள் தரையில் தொங்கினால், குதிரை எத்துணை வலிமையுடையதாயினும் வண்டி செல்லும் திசை எவர் கையிலும் இல்லை. இத்தொடரில் 'வார்கள்', 'கைகள்' ஆகிய இரண்டும் பன்மையில் நிற்பதற்கு இக்காட்சியே காரணம்.

இச்சொல் மரபுத்தொடரோடு நின்றுவிடவில்லை. வழிநடத்துதலைக் குறிக்கும் 'ஒஹ்யத', அறிவுறுத்தலைக் குறிக்கும் 'ஒஹ்யெ', திரைப்படம் அல்லது நாடகத்தின் இயக்குநரைக் குறிக்கும் 'ஒஹ்யாய', நிகழ்ச்சி நிரலைக் குறிக்கும் 'ஒஹ்யெல்ம' ஆகியன யாவும் இதன் வழிப்பிறந்த சொற்களே. குதிரைவண்டி சாலையை விட்டு நீங்கிய பின்னரும் அதன் வார் மொழியை விட்டு நீங்கவில்லை.

யாருடைய கை?

இத்தொடரைக் கற்கும் மாணவர் முதலில் தடுமாறும் இடம் 'கெசீன்செ' என்னும் இறுதிச் சொல்லாகும். பின்னிய மொழி, தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. சொல்லின் அடியோடு இடைநிலைகளும் உருபுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பொருளை வளர்க்கும். 'கெசி' என்பது கை. அதன் பன்மை வடிவத்தோடு 'உள்நோக்கி' என்னும் பொருள்தரும் வேற்றுமை உருபு சேர்ந்தால் 'கெசீன்' ஆகும், அதாவது 'கைகளுக்குள்'. அதன்பின் அக்கைகள் யாருடையவை என்பதைக் காட்டும் உடைமை ஒட்டு வந்து சேரும்.

தமிழில் 'என் கை', 'உன் கை' என்று உடைமைச்சொல் முன்னே வருகிறது. பின்னிய மொழியில் அது சொல்லின் இறுதியில் ஒட்டாக வருகிறது. எனவே எழுவாய் மாறும்போதெல்லாம் இறுதிச் சொல்லும் மாறியாக வேண்டும்.

நான் எடுக்கிறேன் – ஒதன் ஒஹ்யத் கெசீனி
நீ எடுக்கிறாய் – ஒதத் ஒஹ்யத் கெசீசி
அவன் அல்லது அவள் எடுக்கிறான்/எடுக்கிறாள் – ஹென் ஒத்தா ஒஹ்யத் கெசீன்செ
நாங்கள் எடுக்கிறோம் – ஒதம்மெ ஒஹ்யத் கெசீம்மெ
நீங்கள் எடுக்கிறீர்கள் – ஒதத்தெ ஒஹ்யத் கெசீன்னெ
அவர்கள் எடுக்கிறார்கள் – ஹே ஒத்தவத் ஒஹ்யத் கெசீன்செ

இவ்வடுக்கில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, 'ஒத்தா' என்பதில் இரட்டித்து நிற்கும் தகரம் தன்மையிலும் முன்னிலையிலும் ஒற்றைத் தகரமாகக் குறைகிறது. அவ்வொற்றைத் தகரத்தையும் 'பத்து' என்பதில் உள்ளதுபோல் வல்லோசையாகவே ஒலித்தல் வேண்டும். தமிழில் 'நாடு' என்னும் சொல் உருபேற்கும்போது 'நாட்டை' என ஒற்று இரட்டிக்கிறது. அங்கே உருபேற்கும்போதும் வினை திரியும்போதும் பல சொற்களில் இரட்டித்த ஒற்று குறைகிறது. திசை வேறு, ஒலி மாற்றம் இலக்கணப் பணி செய்வது என்னும் இயல்பு ஒன்று.

இரண்டாவது, 'ஹென்' என்னும் படர்க்கை ஒருமைச்சொல் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. அம்மொழியில் பால் வேறுபாடு இல்லை. எனவே வார்களை எடுத்தவர் ஆணா பெண்ணா என்பதைத் தொடர் சொல்லாது, சூழலே சொல்லும்.

மூன்றாவதே மிக இன்றியமையாதது. எடுப்பவரும் கைக்கு உரியவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும். 'ஒதன் ஒஹ்யத் கெசீன்செ' என்று கூறினால், 'நான் வார்களை அவருடைய கைகளுக்குள் எடுக்கிறேன்' என்னும் பொருந்தாப் பொருள் தோன்றும். ஒரே ஓர் ஒட்டு பிழைத்தால் பொறுப்பு மற்றொருவரிடம் போய்ச் சேர்கிறது. அன்றாடப் பேச்சில் இவ்வொட்டைப் பலர் விட்டுவிடுவதுண்டு. அப்போதும் 'சொந்த' எனப் பொருள்படும் 'ஒமீன்' என்னும் சொல்லைச் சேர்த்து, 'ஒமீன் கெசீன்' என்று கூறுவர். ஒட்டு மறைந்தாலும் உரிமை மறைவதில்லை.

தமிழில் இப்பணியைச் செய்வது 'கொள்' என்னும் துணைவினை. 'பொறுப்பை எடுத்தான்' என்பதற்கும் 'பொறுப்பை எடுத்துக்கொண்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பின்னதில் செயல் செய்தவனையே வந்து சேர்கிறது. பின்னியர் பெயர்ச்சொல்லின் இறுதியில் வைத்ததை நாம் வினைச்சொல்லின் இறுதியில் வைத்திருக்கிறோம். இதனை உணர்ந்த தமிழ் மாணவருக்கு அவ்வொட்டு மனப்பாடச் சுமையாகத் தோன்றாது.

ஒரு கை, மூன்று வேற்றுமைகள்

தமிழில் வேற்றுமைகள் எட்டு. பின்னிய மொழியில் பதினைந்து என்பது பெருவழக்கான கணக்கு. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அவற்றுள் ஆறு இடத்தைப் பற்றியவை. அந்த ஆறினுள் மூன்று, ஒன்றன் உட்புறத்தைப் பற்றியவை. உள்ளே செல்லுதல், உள்ளே இருத்தல், உள்ளிருந்து வெளிவருதல் என்னும் மூன்று நிலைகளுக்கும் தனித்தனி உருபு உண்டு. 'கை' என்னும் சொல் இம்மூன்றையும் ஏற்று நிற்கும்போது, பொறுப்பு ஒன்றன் முழு வரலாறும் விளங்கிவிடுகிறது.

'ஒத்தா ஒஹ்யத் கெசீன்செ' என்றால் வார்கள் கைகளுக்குள் வருகின்றன, பொறுப்பு தொடங்குகிறது. 'பிதே ஒஹ்யத் கெசிஸ்ஸேன்' என்றால் வார்களைக் கைகளில் வைத்திருத்தல், பொறுப்பு நிலைக்கிறது. 'ஒஹ்யத் லுய்சுய்வத் கெசிஸ்தெ' என்றால் வார்கள் கைகளிலிருந்து நழுவின, பொறுப்பு பறிபோகிறது. நாம் 'கைக்கு வந்தது, கையில் இருக்கிறது, கைநழுவிப் போயிற்று' என்று கூறும் வரிசையே இது.

இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு பிழை எளிதில் நேரும். தமிழில் 'கையில் எடுத்தான்' என்று ஏழாம் வேற்றுமையில் கூறுகிறோம். அதனைப் பின்பற்றி 'ஒதன் ஒஹ்யத் கெசிஸ்ஸெனி' என்று கூறினால் அது பிழையாகும். எடுத்தல் என்பது இடம்பெயரும் செயல். வெளியே இருந்தது உள்ளே வருகிறது. ஆகவே 'கைகளுக்குள்' என்னும் உருபே அங்கு வேண்டும். இருத்தல் வேறு, வந்துசேர்தல் வேறு என்பதில் அம்மொழி கண்டிப்பாக உள்ளது.

எதிர்மறையில் நிகழும் மாற்றம்

'நான் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை' என்று கூற வேண்டுமாயின், எதிர்மறைச் சொல்லைச் சேர்த்தால் மட்டும் போதாது. 'என் ஒத்தநுத் ஒஹ்யிய கெசீனி' என்பதே சரியான தொடர். முதலில் நிற்கும் 'என்' என்பது தமிழ்ச்சொல் அன்று. தன்மை ஒருமைக்குரிய பின்னிய எதிர்மறைச்சொல். அடுத்து, 'ஒஹ்யத்' என்பது 'ஒஹ்யிய' என மாறியிருப்பதைக் காண்க.

செயல் முழுமையாக நிறைவேறும்போது அதன் செயப்படுபொருள் முழுமையைக் காட்டும் வடிவில் நிற்கும். செயல் நிறைவேறாதபோதும், நடந்துகொண்டே இருக்கும்போதும், பொருளின் ஒரு பகுதியை மட்டும் தொடும்போதும் அது பகுதியைக் காட்டும் வேற்றுமைக்கு மாறும். எதிர்மறைத் தொடரில் எப்போதும் இப்பகுதி வேற்றுமையே வரும். எடுக்கப்படாத வார்கள் முழு வார்களாகத் தொடரில் நிற்பதில்லை. செயல் முடிந்ததா, முடியவில்லையா என்பதைத் தமிழில் வினைச்சொல்லே பெரிதும் காட்டுகிறது. அங்கே பெயர்ச்சொல்லும் அதற்குச் சான்று கூறுகிறது.

பொருள் தெரிந்தும் பிழைப்பது ஏன்?

உருபுகளைச் சரியாக இணைத்துவிட்டால் தொடர் இலக்கணப்படி அமைந்துவிடும். அது வழக்குப்படி அமைந்ததா என்பது வேறு வினா. எந்தப் பொருளை எந்தச் சொல்லால் சான்றோர் வழங்கினரோ அவ்வாறே வழங்குதலை நம் இலக்கண நூலார் 'மரபு' என்றனர். மரபுத்தொடரைக் கற்பதில் கடினமான பகுதி இதுவே.

பின்லாந்துக்குப் பணிக்குச் சென்று அம்மொழியைப் பயிலும் தமிழ்ச் செவிலியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். புதிதாகக் கற்ற இத்தொடரைப் பயன்படுத்த அவருக்கு ஆவல். ஓய்வறையில் காப்பிக் குவளையை எடுக்கும்போது 'ஒதன் ஒஹ்யத் கெசீனி' என்கிறார். உடனிருப்போர் புன்னகைப்பர். இலக்கணத்தில் குறையில்லை, ஆனால் குவளையை எடுப்பதற்கு வார்கள் தேவையில்லை. இத்தொடருக்கு மூன்று சூழ்நிலைகள் அமைய வேண்டும். முதலாவது, இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்று இருத்தல் வேண்டும். இரண்டாவது, அது நெறியின்றியோ பிறரால் நடத்தப்பட்டோ இருத்தல் வேண்டும். மூன்றாவது, ஒருவர் அதன் போக்கைத் தம் பொறுப்பில் ஏற்றல் வேண்டும்.

மற்றொரு நாள், மூத்த செவிலியர் வரவில்லை. நோயாளர் பலர் காத்திருக்கின்றனர். யார் எதைச் செய்வது என்று தெரியாமல் அனைவரும் நிற்கின்றனர். அப்போது இவர் முன்வந்து பணிகளைப் பகிர்ந்தளிக்கிறார். அன்று மாலை உடன் பணிபுரிவோர் இவரைப் பற்றி 'ஹென் ஒத்தி ஒஹ்யத் கெசீன்செ' என்பர். 'ஒத்தி' என்பது 'எடுத்தார்' என்னும் இறந்தகாலம். இத்தொடர் இவ்வாறு பிறரைப் பற்றிக் கூறும்போது பாராட்டாக அமைகிறது. தன்னைப் பற்றித் தானே கூறும்போது அது வாக்குறுதியாக மாறுகிறது. 'எடுக்கிறேன்' என்று சொன்னவர், வண்டி பள்ளத்தில் இறங்கினால் அதற்கும் விடை கூற வேண்டியவராகிறார். எனவே அளவறிந்தே தன்மையில் இதனைக் கூற வேண்டும்.

விளையாட்டுச் செய்திகளில் இத்தொடர் சுருங்கி வழங்கும். ஆட்டத்தின் போக்கைத் தன்வயப்படுத்திய அணியை 'வார்களை எடுத்தது' என்று மட்டும் கூறுவர். கைகள் சொல்லாமலே விளங்கும். நிறுவனத்தின் தலைமை மாறும்போதும், குடும்பத்தில் பெற்றோரிடமிருந்து பண்ணையைப் பிள்ளைகள் ஏற்கும்போதும், ஒருவர் தம் வாழ்க்கையின் போக்கைத் தாமே முடிவுசெய்யும்போதும் இது பொருந்தும்.

மொழிபெயர்க்கும்போது ஏற்படும் இடர் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தமிழிலும் கடிவாளம் மரபுத்தொடராக வழங்குகிறது. ஆனால் 'கடிவாளம் போடுதல்' என்றால் கட்டுப்படுத்துதல், மிகாமல் தடுத்தல் என்றே பொருள். 'செலவுக்குக் கடிவாளம் போட வேண்டும்' என்கிறோம். பின்னியத் தொடரில் தடுத்தல் முதன்மையன்று, செலுத்துதலே முதன்மை. 'சட்டத்தைக் கையில் எடுத்தல்' என்பதோ தமிழில் பழிப்புரையாக வழங்குகிறது. 'அவன் குடுமி என் கையில்' என்பது பிறரை அடக்கும் ஆற்றலைக் குறிக்கிறது. இவற்றுள் எதுவும் அத்தொடருக்கு நிகராகாது. 'பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்' என்பதே நெருங்கிய தமிழாக்கம். கருவி ஒன்றாயினும் இரு மக்களும் அதனைப் பார்த்த கோணம் வேறு என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

உறவுத் தொடர்கள் இரண்டு

ஒரு மரபுத்தொடரின் எல்லையை அறிய, அதன் அண்டைத் தொடர்களை அறிதல் உதவும். 'ஒத்தா ஹெர்க்கே சர்விஸ்த' என்பது காளையைக் கொம்பால் பற்றுதல். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சிக்கலை அஞ்சாமல் நேருக்குநேர் எதிர்கொள்வதை இது குறிக்கும். இங்கே தலைமை ஏற்றல் என்னும் பொருள் இல்லை, துணிவே பொருள். வார்களை எடுப்பவர் நீண்ட வழி செல்ல வேண்டியவர். கொம்பைப் பற்றுபவர் அந்நொடியைக் கடக்க வேண்டியவர்.

'ஒத்தா இத்செயேன் நிஸ்கஸ்த கீன்னி' என்பது மற்றொன்று. தன்னைத் தானே பிடரியில் பற்றிப் பிடித்தல் என்பது நேர்பொருள். சோம்பலிலோ தளர்ச்சியிலோ கிடந்த ஒருவர், தம்மைத் தாமே உலுக்கி எழுப்பிச் செயலில் இறங்குவதை இது குறிக்கும். தேர்வு நெருங்கும்போது புத்தகத்தைத் திறவாத மாணவருக்குப் பொருந்துவது இத்தொடரே. வார்களைப் பற்றிய தொடர் அன்று. நெறிப்படுத்த வேண்டிய பொருளும் நெறிப்படுத்துபவரும் இங்கு ஒருவரே.

இவ்விரு தொடர்களிலும் பற்றும் இடத்தைக் குறிக்கும் சொல் 'இலிருந்து' என்னும் உருபை ஏற்றுள்ளது. 'கொம்புகளிலிருந்து', 'பிடரியிலிருந்து' என்பன அவற்றின் நேர்வடிவங்கள். ஒன்றை எவ்விடத்தில் பற்றுகிறோமோ அவ்விடத்தை நீங்கற்பொருளில் கூறுவது பின்னிய மரபு. இதனைத் தமிழ் மரபால் அளக்க முயலாமல், அவ்வாறே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளுக்கும் பின்னியம் உள்ளிட்ட மொழிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று கருதினார். ஒட்டுநிலை அமைப்பு முதலிய ஒற்றுமைகள் அவருடைய கருத்துக்குத் துணையாயின. அவ்வுறவை இன்றைய மொழியியலார் நிறுவப்பட்டதாக ஏற்பதில்லை. பின்னியம், எசுத்தோனியம், அங்கேரியம் ஆகியன உராலிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ் திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அமைப்பில் ஒத்திருப்பது வேறு, ஒரு தாய்வயிற்றுப் பிறப்பது வேறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக அறிஞர் அசுகோ பார்ப்போலா, சிந்துவெளி எழுத்துகளின் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்னும் கருத்தை ஆய்வால் வலியுறுத்தி வருபவர். 2010ஆம் ஆண்டு கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குக் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது வழங்கப்பட்டது.

தன் வாரைத் தானே எடுத்த மொழி

இத்தொடர் வழங்கும் மொழிக்கே இத்தொடர் பொருந்தும் என்பதை வரலாறு காட்டுகிறது. பின்லாந்து பல நூற்றாண்டுகள் சுவீடனின் ஆட்சியில் இருந்தது. 1809இல் உருசியப் பேரரசின் கீழ் வந்தது. ஆட்சி மாறிய பின்னரும் அலுவலகம், நீதிமன்றம், உயர்கல்வி ஆகியவற்றில் சுவீடிய மொழியே கோலோச்சியது. உழவர் பேசிய பின்னிய மொழிக்கு அங்கெல்லாம் இடமில்லை. தன் வழக்கைத் தன் மொழியில் கூற இயலாத ஒருவரின் வாழ்க்கை வார்கள் பிறர் கையில்தான் இருக்கும்.

மிக்கேல் அகிரிக்கோலா என்பவர் 1543ஆம் ஆண்டளவில் பின்னிய மொழியின் முதல் அரிச்சுவடியை வெளியிட்டிருந்தார். எனினும் அம்மொழி இலக்கிய மொழியாகத் தலைநிமிர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். எலியாசு லொன்ரோட்டு என்னும் மருத்துவர் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, 'கலேவலா' என்னும் காப்பியமாக 1835இல் வெளியிட்டார். பின்னிய மொழிவழி இயங்கிய முதல் மேல்நிலைப் பள்ளி 1858இல் யுவெசுகுலே நகரில் தொடங்கப்பட்டது. 1863இல் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த மொழி ஆணை, இருபது ஆண்டுகளுக்குள் அலுவல்களில் பின்னியம் சுவீடியத்துக்கு இணையான நிலையைப் பெற வழிவகுத்தது. 1917ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் அந்நாடு விடுதலையை அறிவித்தது. மக்கள் முதலில் மொழியின் வார்களைக் கைக்கொண்டனர். நாட்டின் வார்கள் பின்னரே அவர்கள் கைக்கு வந்தன.

அம்மொழியின் முதல் பெரும் புதினமும் எழுத்துக் கற்கும் போராட்டத்தைப் பற்றியதே. அலெக்சிசு கீவி எழுதி 1870இல் வெளிவந்த அப்புதினத்தின் பெயர் 'ஏழு உடன்பிறந்தார்'. பெற்றோரை இழந்த ஏழு அண்ணன் தம்பியர் எழுத்தறிவில்லாதவர்கள். அக்காலத்தில் படிக்கத் தெரியாதவருக்குத் தேவாலயத்தில் உறுதிப்பூசுதலும், அதன்வழித் திருமண உரிமையும் கிட்டா. கற்பிக்க வந்தவரின் கடுமைக்கு அஞ்சி, அவர்கள் சாளரத்தின் வழியாகத் தப்பியோடிக் காட்டில் குடியேறுகின்றனர். இடர்கள் பலவற்றுக்குப் பின்னர், எவரும் கட்டாயப்படுத்தாமல், தாமே முனைந்து எழுத்தைக் கற்கின்றனர். கடைசித் தம்பி ஏரோ அண்ணன்மாருக்கு ஆசிரியனாகிறான். பத்தாண்டுகள் கழித்து அவர்கள் தம் சொந்த நிலத்துக்குத் திரும்புகின்றனர். வெளிவந்தபோது கடுமையாகத் தாக்கப்பட்ட அந்நூல் இன்று அம்மொழியின் பெருமைக்குரிய படைப்பு. கீவியின் பிறந்தநாளான அக்டோபர் 10, பின்னிய இலக்கிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சாளரத்தின் வழியாக ஓடியவர்களும் பின்னர்த் தாமே முனைந்து கற்றவர்களும் ஒரே மனிதர்கள்தாம். பாடமும் அதே எழுத்துகள்தாம். மாறியது ஒன்றே: முதலில் வார்கள் பிறர் கையில் இருந்தன; பின்னர் அவை தம் கைக்கு வந்தன.

நிறைவாக

அயல்மொழியின் மரபுத்தொடர் ஒன்றை நாம் மூன்று படிகளில் அடைகிறோம். முதற்படியில் அதனைக் கேட்டுப் பொருள் அறிகிறோம். இரண்டாம் படியில் அதன் உறுப்புகளைப் பிரித்து, எந்த உருபு எப்பணியைச் செய்கிறது என்று உணர்கிறோம். மூன்றாம் படியில் உரிய இடம் வரும்வரை காத்திருந்து, அவ்விடத்தில் தயங்காது கூறுகிறோம். முதல் இரண்டு படிகளுக்கும் நூலும் ஆசிரியரும் துணை நிற்பர். மூன்றாம் படியில் பிழை நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு பேசுபவரே ஏற முடியும். நகைப்புக்கு அஞ்சி வாய் திறவாதவரின் சார்பில் பிறரே பேசுவர்.

தன் கையே தனக்குதவி என்பது நம் பழமொழி. யாருடைய கை என்பதைச் சொல்லாமல் தொடரை முடிக்கவிடாத பின்னிய வழக்கும் அதனையே வலியுறுத்துகிறது. 'கெசீனி' என்னும் சொல்லில் அந்த இறுதி ஒட்டு மிகச் சிறியது. ஆயினும் 'யாரேனும் செய்யட்டும்' என்பதற்கும் 'நான் செய்கிறேன்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவும் அதனுள் அடங்கியிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 'கை' என்னும் சொல் இடம்பெறும் பத்துத் தமிழ் மரபுத்தொடர்களைத் தொகுத்து, அவற்றுள் பொறுப்பேற்றலையும் பொறுப்பிலிருந்து விலகுதலையும் குறிப்பவற்றைத் தனித்தனியே வகைப்படுத்துக.
2. 'எடுத்தான் – எடுத்துக்கொண்டான்', 'பார்த்தான் – பார்த்துக்கொண்டான்' ஆகிய இணைகளின் பொருள் வேறுபாட்டைச் சொற்றொடர்களில் அமைத்து விளக்குக.
3. தமிழ் அறியாத ஒருவருக்குக் 'கைநழுவிப் போதல்' என்னும் தொடரை எவ்வாறு கற்பிப்பீர்கள்? அதன் பொருள், அமைப்பு, பொருந்தும் சூழல், பொருந்தாத சூழல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.